வாசகர் கேள்வி–பதில்: வாக்குத்தத்த அட்டையும் வருகிற வருஷமும்

புத்தாண்டு இதழுக்கென்று வந்த கடிதங்களில் வாக்குத்தத்த அட்டை (புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுக்கிற வசன அட்டை), வேத வாசிப்பு, பொருத்தனை (நேர்ச்சை) ஆகிய மூன்றையும் பற்றியவைதான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் வெளியிடுகிறோம்.

போன வருஷம் நள்ளிரவு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 அட்டை வந்தது. பிரேம் போட்டு ஹாலில் மாட்டினோம். ஜூன் மாதம் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. இந்த வருஷம் அட்டைத் தட்டில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. வாக்குத்தத்தம் பொய்த்துப்போனதா? — வாசகி, பாளையங்கோட்டை

இல்லை, சகோதரி. அட்டையில் இடம் போதாமல் அந்த ஒரு வசனத்தை மட்டும் அச்சடித்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வாசித்தால் உங்கள் வீட்டு நிலைமைக்கென்றே எழுதினது போலிருக்கும்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். வீடு, நிலம், தொழில் எல்லாவற்றையும் இழந்து பாபிலோனில் இருந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதினது இது. பத்தாம் வசனத்தில் 70 வருஷம் என்று கெடு இருக்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று வருகிறது. வேலை போகாது என்று அந்த வசனம் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்வது என்பதும் அதே கடிதத்தில் உண்டு. ஐந்தாம் வசனம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள். ஏழாம் வசனம்: சிறைபிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். உங்கள் வீட்டுக்கு இதை இறக்கினால், மாதச் செலவை ஒரு தாளில் எழுதுவது, எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்கப் பார்ப்பது, ஸ்கூல் ஃபீஸைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு, கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பம் கொடுப்பது என்று வரும். சபையில் நம்பகமான ஒருவரிடம் நிலைமையைச் சொல்லிவையுங்கள். "எல்லாம் நன்றாக இருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

அட்டை கைக்கு வந்ததும் செய்யவேண்டியது: மறுநாள் காலையில் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், அப்போது அவர்கள் என்ன நிலையில் இருந்தார்கள், வசனத்தில் நிபந்தனை ஏதும் உண்டா, புதிய ஏற்பாட்டில் இது எங்காவது திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அட்டையின் பின்பக்கத்தில் நான்கு வரியில் எழுதிவிடலாம். புத்தாண்டுகளில் அதிகம் சுற்றுகிற உபாகமம் 28:13ஐப் பாருங்கள். "வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது அட்டையில் இருக்கும். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற பகுதி பெரும்பாலும் இருக்காது. அதே அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். யோவான் 16:33க்கும் இதே கதிதான்: "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதை விட்டுவிட்டு "திடன்கொள்ளுங்கள்" என்பதிலிருந்து அச்சடிக்கிறார்கள். முதல் பாதி இல்லாமல் எதற்குத் திடன்கொள்வது?

சீட்டெடுத்து வசனம் பெறுவதே தவறோ என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற சபையார் 1728 மே 3 முதல் நாளுக்கொரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லிவந்தார்கள். 1731இல் அது புத்தகமாக அச்சானது. இன்றுவரை வருஷந்தோறும் வெளிவருகிறது. அங்கே பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சுமார் 1,800 வசனங்களிலிருந்து சீட்டெடுப்பார்கள். அதோடு பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள். அந்தச் சகோதரர்களில் சிலர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வசனம் அந்த நாளின் தியானப் பகுதி, அவ்வளவே. குறி கேட்பதாக அதை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அப்படியே எடுங்கள். பிடிக்காத வசனம் வந்ததென்று திரும்பத் தட்டில் போட்டு இன்னொன்று எடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

ஒவ்வொரு ஜனவரியும் "காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்" என்று தீர்மானிக்கிறேன். ஒரு வாரம்கூட ஓடுவதில்லை. — வாசகர், அம்பத்தூர்

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம்தான். மூன்றாம் நாள் முழங்காலிலேயே தூங்குவீர்கள், ஐந்தாம் நாள் அலாரத்தை அணைப்பீர்கள். இதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை. முதல் இரண்டு வாரத்துக்கு ஜெப நேரத்தை விட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தைச் சரிசெய்யுங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு பத்து மணிக்குப் படுங்கள்.

நேரம் பத்து நிமிடம் போதும்: மூன்று நிமிடம் ஸ்தோத்திரம், மூன்று நிமிடம் பாவ அறிக்கை, நாலு நிமிடம் விண்ணப்பம். விண்ணப்பங்களை வாரத்தின் ஆறு நாளுக்குப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: திங்கள் வீட்டார், செவ்வாய் நோயாளிகள், புதன் சபை என்று. எல்லாரையும் எல்லா நாளும் சொல்ல ஆரம்பித்தால் ஜெபம் வருகைப்பதிவேடு ஆகிவிடும். பத்து நிமிடம் நாற்பது நாள் விடாமல் நடந்தபின் பதினைந்தாக்கலாம். தானியேல் 6:10 தினம் மூன்று வேளை என்கிறது. காலையில் முடியாதவர்கள் மதிய இடைவேளையை எடுத்துக்கொள்வதற்கு அதுவே போதுமான ஆதாரம்.

ஒரு வருஷத்தில் வேதாகமத்தை முடிக்கவேண்டும் என்று நாலு வருஷமாக முயல்கிறேன். லேவியராகமத்தோடு நின்றுபோகிறது. என்ன வழி? — வாசகர், மார்த்தாண்டம்

நிற்கிற இடம் எல்லாருக்கும் அதுதான், தம்பி. கணக்கைப் பாருங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருஷத்தில் 1,199 வரும்; பத்து அதிகாரம் கையிருப்பு. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்தில் நுழைவீர்கள். அதற்கு முன்பே யாத்திராகமத்தின் பின்பகுதி களைப்பாக்கியிருக்கும். 25 முதல் 31 வரை ஆசரிப்புக்கூடாரத்தின் (இஸ்ரவேலர் ஆராதித்த கூடாரத்தின்) அளவுகளைச் சொல்லி, 35 முதல் 40 வரை அதைச் செய்து முடித்ததை அநேகமாக அதே வார்த்தைகளில் திரும்பச் சொல்லும். புத்தாண்டு உற்சாகம் வடிகிற நேரமும் அதுதான்.

இரண்டு வழி உண்டு. முதல் வழி, முழு வேதாகமத்தையும் விடாமல் வாசிப்பது, ஆனால் லேவியராகமத்தில் நுழையுமுன் 1, 16, 19, 25 ஆகிய நாலு அதிகாரங்களை மட்டும் முதலில் வாசிப்பது. ஒன்றில் சர்வாங்க தகனபலி, அதாவது முழுவதும் எரிக்கிற பலி: மாடு உள்ளவன் மாட்டையும், அதற்கு வசதியில்லாதவன் ஆட்டையும், அதுவும் முடியாதவன் புறாவையும் கொண்டுவரலாம். 16 பாவநிவாரண நாள். 19இல் கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பதும், சரியான தராசும், "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும்" என்பதும் ஒரே அதிகாரத்தில் வருகின்றன. 25இல் யூபிலி, அதாவது விற்ற நிலம் திரும்பக் கிடைக்கிற ஐம்பதாம் வருஷம். இந்த நாலும் தெரிந்தபின் மற்ற 23 அதிகாரங்கள் எதற்கென்று புரியும். 12:8 வரும்போது நிறுத்தி லூக்கா 2:24ஐத் திறந்து பாருங்கள். ஆட்டுக்குட்டிக்குச் சக்தியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்ற சட்டத்தின்படிதான் மரியாள் தேவாலயத்துக்கு வந்தாள். இயேசுவின் வீட்டு வரவுசெலவு லேவியராகமத்தில் தெரிகிறது.

இரண்டாம் வழி, இந்த வருஷம் புதிய ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து, 52 வாரம். கணக்கு மிச்சமில்லாமல் சரியாக வரும். சனிக்கிழமை மூன்று சங்கீதம் சேர்த்தால் 50 வாரத்தில் 150ம் முடியும். சனிக்கிழமையில் 119 வந்தால் மட்டும் பயப்படாதீர்கள். 176 வசனமானாலும் எட்டெட்டு வசனமாக 22 துண்டு, அதைத் தனியாக அடுத்த மூன்று வாரங்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். நாலு வருஷம் நின்றுபோன உங்களுக்கு இதையே சொல்வோம்.

நின்றுபோவதற்கு லேவியராகமத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: விட்டுப்போன நாட்களை ஒரே இரவில் பிடிக்கப் பார்ப்பது. மூன்று நாள் விட்டால் ஒன்பது அதிகாரம் பாக்கி, அன்றைய மூன்றோடு பன்னிரண்டு. அந்த எண்ணிக்கையைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுவோம். விட்டதை விட்டுவிட்டு, இன்றைய தேதிக்குரிய பகுதியை வாசியுங்கள். விட்ட அதிகாரங்களைப் பென்சிலால் குறித்துவையுங்கள். வருஷத்தில் நாலைந்து மாதங்களுக்கு ஐந்தாவது ஞாயிறு வரும். அன்றைக்கு அவற்றைப் பாருங்கள்.

மகனுக்கு வேலை கிடைத்தால் ஆலயக் கட்டடத்துக்கு ஒரு லட்சம் தருவதாகப் போன புத்தாண்டில் பொருத்தனை பண்ணினேன். வேலை கிடைத்தது. ஆனால் என் கடை நஷ்டத்தில் போய்விட்டது. வட்டிக்கு வாங்கியாவது செலுத்திவிடவா? — வாசகர், தூத்துக்குடி

வட்டிக்கு வாங்காதீர்கள். "நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்ற பிரசங்கி 5:5ஐ எல்லாரும் சொல்லுவார்கள். லேவியராகமம் 27:8ஐ யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அந்த இடம்வரை வாசிப்பவர் குறைவு. அங்கே ஆளைப் பொருத்தனை பண்ணினால் எவ்வளவு என்று விலைப்பட்டியலே உண்டு. 20 முதல் 60 வயது ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி. அடுத்து, அவ்வளவு செலுத்த முடியாத தரித்திரனாயிருந்தால் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்கவேண்டும், ஆசாரியன் அவன் திராணிக்கேற்றபடி மதிப்பிடவேண்டும் என்று இருக்கிறது. பொருத்தனையை மறைக்கவும் வேண்டாம், அதற்காக நொடித்துப்போகவும் வேண்டாம். போய் நின்று சொல் என்கிறது சட்டம்.

ஆகவே ஆயரிடம் நேரில் சொல்லுங்கள். மாதம் 2,000 வீதம் 50 மாதத்தில் ஒரு லட்சம் ஆகிவிடும். அதுவும் கனமென்றால் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். இந்தப் புத்தாண்டில் புதிதாக எதையும் நேர்ந்துகொள்ளாதீர்கள். உபாகமம் 23:22இன்படி, பொருத்தனை பண்ணாதிருப்பது பாவமல்ல.

டிசம்பர் கடைசியில் போனில் வருகிற "இந்த வருஷத் தீர்க்கதரிசனம்" வீடியோக்களை நம்பலாமா? — வாசகி, திருச்சி

முதல் கேள்வியில் சொன்ன கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தைப் படியுங்கள், அம்மா. எரேமியா 28இல் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவருவார்கள் என்று தேவாலயத்தில், ஜனங்கள் முன்னிலையில் சொல்கிறான். எரேமியா 70 என்கிறார். எந்த வீடியோவுக்கு அன்று அதிகப் பார்வை கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

அனனியாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: அவன் காலவரையாவது சொன்னான், அதனால் சோதித்துப் பார்க்க முடிந்தது. "இது திறந்த வாசல்களின் ஆண்டு" என்பதை எப்படிச் சோதிப்பது? 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்கிறது. கேட்டதைத் தேதியோடு நோட்டில் எழுதி அடுத்த டிசம்பர் 31இல் எடுத்துப் பாருங்கள். கடைசியில் வங்கிக் கணக்கு எண் வருகிற தீர்க்கதரிசனத்துக்கு நோட்டுகூட வேண்டாம்.

சபையில் ஜனவரி முதல் 21 நாள் உபவாச ஜெபம். 62 வயதான என் அம்மா இன்சுலின் போடுகிறவர். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மூன்று வாரமும் மதியம்வரை சாப்பிடாமல் இருக்கப் போகிறேன் என்கிறார். — வாசகி, வேலூர்

அவரைப் பார்க்கிற மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்குகிற சிலவகை மாத்திரைகளோ உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது உணவு வராவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் இவை அடையாளங்கள். ரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே போனால் உபவாசத்தை அங்கேயே முடித்துவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "சாப்பிடவில்லையே, இன்சுலினையும் நிறுத்திவிடலாம்" என்று தாமாக முடிவெடுப்பதும் அதேயளவு ஆபத்து.

அம்மாவுக்கு வேதத்திலிருந்தே சொல்லலாம். 21 நாள் என்ற கணக்கு தானியேல் 10இலிருந்து வருகிறது. அங்கே தானியேல் பட்டினி கிடக்கவில்லை. ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத்தான் விட்டார். அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, பலகாரத்தையும் இறைச்சியையும் டிவி சீரியலையும் மூன்று வாரம் விடட்டும். சீரியல்தான் கஷ்டமாக இருக்கும்.

அக்டோபரில் என் கணவர் இறந்துவிட்டார். நள்ளிரவில் எல்லாரும் கைகுலுக்கி "ஹேப்பி நியூ இயர்" என்று சொல்லும்போது நான் எங்கே நிற்பது? போகாவிட்டால் அவிசுவாசம் என்கிறார்கள். — வாசகி, நாகர்கோவில்

போகாவிட்டால் அவிசுவாசம் ஆகாது, அக்கா. ஜனவரி முதல் நாள் காலை ஆராதனைக்குப் போகலாம். கூட்டம் குறைவு, சத்தம் குறைவு. நள்ளிரவுக்கே போவதானால் பக்கவாசல் அருகே, ஓரத்து இருக்கையில், உங்களைப் புரிந்த ஒருவரோடு உட்காருங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம் என்று அவரிடம் முன்னமே சொல்லிவையுங்கள். வருஷத்தில் மரித்தவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிக்கும்படி ஆயரிடம் கேளுங்கள். சில சபைகளில் வழக்கமாகவே வாசிக்கிறார்கள். தன் கணவரின் பெயரைச் சபை ஒருமுறை சத்தமாகச் சொல்லிக் கேட்பது பல பேருக்குப் பெரிய ஆறுதல்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, நடு இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை. முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றுகிற நாளில் அங்கேயே நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது; அதுவும் வேதம்தான். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற புலம்பல் 3:23ஐப் புத்தாண்டு வாழ்த்தில் அச்சடிக்கிறார்கள். எரிந்துபோன எருசலேமைப் பார்த்து எழுதின புத்தகத்தின் நடுவில், "சுகத்தை மறந்தேன்" என்று சொன்ன ஐந்தாறு வசனத்துக்குப் பிறகு வருகிற வரி அது.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "கர்த்தருக்குச் சித்தம்", "அழாதீங்க" இரண்டையும் விட்டுவிட்டு, மின் கட்டணம், பென்ஷன் விண்ணப்பம், வாரிசுச் சான்றிதழ் இவற்றில் எது பாக்கி என்று கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள், அக்கா. ஜெபிக்கிறவர்களும் அவரிடம் போகலாம்.

ஜனவரி 1 புறஜாதியார் பண்டிகை, கிறிஸ்தவர்கள் கொண்டாடக்கூடாது என்று ஒரு சகோதரர் சொல்கிறார். — வாசகர், கோவை

வேதத்தில் வருஷத்தின் முதல் மாதம் ஆபிப், பஸ்கா வருகிற மாதம் (யாத்திராகமம் 12:2). அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் ஜனவரி 1 கிறிஸ்மஸிலிருந்து எட்டாம் நாள். லூக்கா 2:21இன்படி குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிட்ட நாளாக லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் அதை அனுசரிக்கின்றன. கத்தோலிக்கருக்கு அது மரியா இறைவனின் தாய் பெருவிழா; 1968 முதல் உலக அமைதி நாளும் அதுவே. இங்கிலாந்திலோ 1752 வரை சட்டப்படி வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. டென்மார்க் 1700இலேயே நாள்காட்டியை மாற்றிவிட்டதால், டேனியர் வசமிருந்த, மிஷனரி சீகன்பால்கு காலத்துத் தரங்கம்பாடிக்கும் ஆங்கிலேயர் இருந்த சென்னைக்கும் தேதியில் 11 நாள் வித்தியாசம். இப்படி மாறுகிற ஒன்றின்மேல் சண்டை எதற்கு? நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவனையும் கொள்ளாதவனையும் ரோமர் 14 ஒரே பந்தியில் உட்காரவைக்கிறது.

எங்கள் வாலிபர் சங்கத்தின் பொறுப்பில் நள்ளிரவு ஆராதனை. போன வருஷம் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அடித்துவிட்டது. அட்டை கொடுத்து முடிக்க ஒன்றரை மணி. எப்படித் திட்டமிடுவது? — வாசகர், நாசரேத்

பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 11:55க்கு எல்லாரும் முழங்காலில், பேச்சில்லாமல். அதற்கு முன் பத்து நிமிடம் பாவ அறிக்கை. 11:25 முதல் 11:45 வரை செய்தி. 11:05 முதல் 20 நிமிடம் சாட்சி. நாலு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், மீதி நேரம் அவர்கள் மைக்குக்கு நடந்து வருவதற்கே போய்விடும். 10:45க்கு ஆரம்பப் பாடல்கள். அறிவிப்பு வேண்டவே வேண்டாம், தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். செய்தியாளருக்கு எதிரே முதல் வரிசையில் ஒருவர் போன் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஐந்து நிமிடம் இருக்கும்போது அட்டை காட்டவேண்டும். ஆலயச் சுவர்க்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

மணி அடித்த முதல் ஐந்து நிமிடம் வெளியே வெடிச்சத்தத்தில் ஒருவர் ஜெபிப்பது யாருக்கும் கேட்காது. அந்த இடத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான பாடலை வையுங்கள். அட்டைக்கு வருவோம். 300 பேர், ஆளுக்குப் பத்து நொடி, ஒரே தட்டு என்றால் 50 நிமிடம். நாலு தட்டு நாலு வாசலில் வைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். திருவிருந்து உண்டென்றால் அட்டையை அதற்குப் பின், வெளியே போகும்போது கொடுங்கள்.

ஒரு மணிக்குப் பஸ் இருக்காது. தனியாக வருகிற பெண்களையும் முதியவர்களையும் யார் வீட்டில் விடுவது என்று பட்டியல் முந்தின ஞாயிறே தயாராகட்டும். இந்தக் கவலை பழையது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளிகள் 1740களில் இரவெல்லாம் விழித்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். முன்பு அதே இரவுகளைச் சாராயக்கடையில் கழித்தவர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி அதை ஒழுங்குபடுத்தினபோது மாதம் ஒரு வெள்ளி, அதுவும் பௌர்ணமியை ஒட்டின வெள்ளி என்று வைத்தார். வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே. 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே விழிப்பு ஜெபத்தில்தான் மறுநாள் அமலாகவிருந்த அடிமை விடுதலைப் பிரகடனத்துக்குக் காத்திருந்தார்கள்.

வெஸ்லி 1755இல் தொடங்கின உடன்படிக்கை ஆராதனையையும் மெதடிஸ்ட் சபைகள் பெரும்பாலும் வருஷத்தின் முதல் ஞாயிறில் நடத்துகின்றன. வேலை கொடுத்தாலும் சரி, பாடு கொடுத்தாலும் சரி, உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சரி, நான் உம்முடையவன் என்பது அதன் சாரம். அட்டைக்கு முன் சபையார் எல்லாரும் இதை ஒருமுறை சேர்ந்து சொல்ல வையுங்கள். அதன்பின் எந்த அட்டை வந்தாலும் கை நடுங்காது.

குடும்ப ஜெபம் என்றாலே பிள்ளைகள் (15, 12 வயது) முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்த வருஷமாவது ஒழுங்காக ஆரம்பிக்க ஆசை. — வாசகி, தஞ்சாவூர்

எவ்வளவு நேரம் நடக்கிறது? முக்கால் மணி என்றால் பிள்ளைகள்மேல் தப்பில்லை. பன்னிரண்டு நிமிடம் போதும். பாட்டில் இரண்டு சரணம், வேதத்தில் பன்னிரண்டு வசனம், ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் தூக்கம் வரும், முன் வையுங்கள். பசி எல்லாரையும் சுருக்கமாகப் பேசவைக்கும். போன்கள் சமையலறைக் கூடையில், அப்பாவுடையது முதலில்.

பெரும்பாலான வீடுகளில் குடும்ப ஜெபம் கெடுவது ஒரே இடத்தில்: "ஆண்டவரே, இவன் கணக்கில் வாங்கின மார்க்கை நீர் அறிவீர்" என்று ஜெபத்தில் பிள்ளையைத் திட்டுவது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவனால் பதில் பேச முடியாது. அதை இன்றோடு விடுங்கள். கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்றும் வேண்டாம், "இதில் யாருக்குக் கோபம் வந்திருக்கும்?" என்கிற மாதிரி கேட்டால் பன்னிரண்டு வயதுக்காரரும் வாய் திறப்பார்.

மாற்கில் தொடங்குங்கள். 678 வசனம், நாளுக்குப் பன்னிரண்டு என்றால் ஜனவரி 1இல் ஆரம்பித்து பிப்ரவரி 26இல் முடியும். இடையில் உறவினர் வந்து இரண்டு நாள் தவறினாலும் மாதத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். சின்னதாக இருக்கிறதே என்று யோனாவைச் சொல்வார்கள். நாலு அதிகாரம், நாலு நாள். வெள்ளிக்கிழமையே அதற்கடுத்தது எது என்று கேட்கவேண்டியிருக்கும்.